மின் நிலையத்துக்குச் சொத்து வரியா, வரிக்கு ஈடான ஒப்பந்தத் தொகையா?

வரவேடு எழுதியது:

உள்ளாட்சி மன்றம் ஒன்றின் நிதிக்குழுவில் உறுப்பினராக இருக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் படிக்கத் தெரியும். மின் துறையைப் பற்றி அதிகம் தெரியாது. எங்கள் குழுவின் முன் ஒரே மாதத்தில் இரண்டு கோப்புகள் வந்து சேர்ந்திருப்பதால், இரண்டையும் சேர்த்தே இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

முதல் கோப்பு, எரிவாயுவில் இயங்கும் ஒரு பழைய மின் நிலையத்தைப் பற்றியது. எங்கள் சொத்து வரி வருவாயில் கால் பங்குக்கு மேல் அந்த ஒரே வளாகத்திலிருந்து வருகிறது. அதன் மதிப்பை நாங்கள் மிகையாகக் கணித்துவிட்டதாக உரிமையாளர் மேல்முறையீடு செய்திருக்கிறார். தீர்ப்பு அவர் பக்கம் அமைந்தால், இனி வரும் ஆண்டுகளின் வரி குறைவதோடு, வழக்கு நடந்த ஆண்டுகளில் வசூலித்ததில் ஒரு பகுதியை வட்டியோடு திருப்பித் தரவும் நேரும். அந்தப் பணத்தைச் சாலைக்கும் சம்பளத்துக்கும் எப்போதோ செலவழித்து முடித்துவிட்டோம்.

இரண்டாவது கோப்பு, புதிதாக வரவிருக்கும் சூரிய மின் நிலையம். அதை அமைக்கும் நிறுவனம், வழக்கமான சொத்து வரிக்குப் பதிலாக 25 ஆண்டுகளுக்கு மெகாவாட் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையையும், அதன்மேல் ஆண்டுதோறும் 2 விழுக்காடு உயர்வையும் தருவதாக வரைவு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. இதற்கு அவர்கள் பயன்படுத்தும் பெயர் 'பைலட்' ஒப்பந்தம். வரிக்கு ஈடாகச் செலுத்தப்படும் தொகை என்பதன் ஆங்கிலச் சுருக்கமாம். முதல் ஆண்டில் வரி விதித்தால் கிடைக்கக்கூடியதில் பாதிகூட அந்தத் தொகை இல்லை. ஆனால் 25 ஆண்டுக் கூட்டுத்தொகை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் என்று ஓர் அட்டவணையை இணைத்திருக்கிறார்கள்.

குழுவில் சிலர், கையில் உறுதியாக வருவதை விட வேண்டாம் என்கிறார்கள். சிலர், மற்ற எல்லோரும் சட்டப்படி வரி கட்டும்போது ஒருவருக்கு மட்டும் தனி ஏற்பாடு எதற்கு என்று கேட்கிறார்கள். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகவே படுகிறது. மின் நிலையத்தின் மதிப்பை உண்மையில் எப்படிக் கணிக்கிறார்கள், இத்தகைய ஒப்பந்தங்கள் வேறு இடங்களில் எப்படி நடந்திருக்கின்றன, எங்கே ஏமாற வாய்ப்பு இருக்கிறது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நிலக்கணக்கு எழுதியது:

தொழிலால் நான் சொத்து மதிப்பீட்டாளன். இரு தரப்புக்கும் வேலை செய்திருக்கிறேன். உங்கள் கேள்வியில் முதலில் பார்க்க வேண்டியது மதிப்பு அல்ல. எது சொத்து என்பதுதான். பல நாடுகளில் உள்ளாட்சி வரி நிலத்துக்கும் கட்டடத்துக்கும் மட்டுமே உரியது. எடுத்துச் செல்லக்கூடிய இயந்திரங்களுக்கு வரி கிடையாது, அல்லது வேறு விகிதம். மின் நிலையத்தில் பணம் முழுவதும் இயந்திரத்தில்தான் இருக்கிறது. நான் சென்ற ஓர் ஆய்வில், சுழலி நின்ற கூடத்தில் இரு தரப்பு வழக்கறிஞர்களும் அரை நாள் ஒரு விஷயத்தை மட்டும் பேசினார்கள்: தரையில் திருகாணிகளால் இறுக்கப்பட்டிருக்கும் அந்தச் சுழலி (டர்பைன்) கட்டடத்தின் உறுப்பா, கட்டடத்துக்குள் வைத்த சாமானா? உரிமையாளர் தரப்பு திருகாணியைக் காட்டி, கழற்றினால் வந்துவிடும் என்றது. எதிர்த்தரப்பு கூரையடியில் ஓடும் பாரந்தூக்கியைக் காட்டி, இந்தக் கட்டடமே சுழலிக்காகச் சுற்றி எழுப்பப்பட்ட உறைதானே என்றது. அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்களுள் யாரும் மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் இங்கிலாந்தில் எந்த வகை இயந்திரங்கள் வரிக் கணிப்பில் சேரும் என்பதை 2000ஆம் ஆண்டு விதிகளே பட்டியலிட்டு வைத்திருக்கின்றன. கலிபோர்னியாவில் 50 மெகாவாட்டும் அதற்கு மேலும் திறன் கொண்ட நிலையங்களை உள்ளூர் மதிப்பீட்டாளர் தொடுவதே இல்லை. மாநில வரிச் சமன்பாட்டு வாரியம் கணித்து அனுப்புகிறது. எனவே முதலில் உங்கள் சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதைப் பாருங்கள்.

அடுத்து மதிப்பு. வீடு என்றால் பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்று பார்க்கலாம். மின் நிலையம் அபூர்வமாகத்தான் கைமாறும். கைமாறினாலும் எரிபொருள் ஒப்பந்தம், மின் கொள்முதல் ஒப்பந்தம், வேறு நான்கு நிலையங்கள் என்று மூட்டையாகப் போகும். அந்த மூட்டைக்குள் இந்த நிலம், இந்த இயந்திரம் ஆகியவற்றின் விலை எவ்வளவு என்று பிரித்தெடுப்பது ஊகமே. ஆகவே மிஞ்சுவது இரண்டு வழிகள். இன்றைக்கு இதே திறனுள்ள நிலையத்தைக் கட்ட ஆகும் செலவை எடுத்துக்கொண்டு, தேய்மானத்தையும், தொழில்நுட்பம் பழையதானதால் வந்த இழப்பையும், சந்தை மாறியதால் வந்த இழப்பையும் கழிப்பது ஒரு வழி. இனிவரும் ஆண்டுகளில் அது ஈட்டக்கூடிய நிகர வருவாயை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவது மற்றொரு வழி. உள்ளாட்சிகள் முதல் வழியையும் உரிமையாளர்கள் இரண்டாம் வழியையும் விரும்புவது வழக்கம். ஏன் என்று சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டுக்குப் பின் பாறைப்படிவ எரிவாயு பெருகி, எரிவாயு விலையும் அதனோடு மொத்த விற்பனைச் சந்தையின் மின்சார விலையும் சரிந்தபோது, செலவு வழியில் பெரும் மதிப்புடையனவாகத் தெரிந்த நிலக்கரி நிலையங்களும் அணு நிலையங்களும் வருவாய் வழியில் ஏறத்தாழ மதிப்பற்றவையாகிவிட்டன. நிலையத்தில் ஒரு செங்கல்கூட மாறவில்லை என்று உள்ளாட்சி சொன்னது; அதுதான் பிரச்சினை என்று உரிமையாளர் சொன்னார்.

உங்கள் முதல் கோப்புக்கு நெருக்கமான வழக்கு, நியூயார்க் மாநிலத்தின் லாங் தீவிலுள்ள நார்த்போர்ட் நிலையம். அங்குள்ள லாங் ஐலண்ட் மின் ஆணையம் 2010இல் வரிக் கணிப்பை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. இரு தரப்பு மதிப்பீடுகளுக்கும் இடையே பத்து மடங்குக்கு மேல் வேறுபாடு இருந்தது. பத்தாண்டு இழுபறிக்குப் பின் 2020இல் ஹண்டிங்டன் நகராட்சி சமரசத்துக்கு உடன்பட்டது: ஆண்டுக்குச் சுமார் 8.6 கோடி டாலராக இருந்த வரி, ஏழாண்டுகளில் படிப்படியாக இறங்கி 4.6 கோடி டாலராகும். அதற்கு ஈடாகப் பழைய ஆண்டுகளுக்கான திருப்பித்தரும் கோரிக்கை கைவிடப்படும். தோற்றிருந்தால் நகராட்சியின் தலையில் விழுந்திருக்கக்கூடிய அந்தக் கோரிக்கை பல கோடி டாலர்.

அந்த வழக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். நிலையத்தின் உரிமையாளர் வேறொரு நிறுவனம். ஒப்பந்தப்படி வரியை ஆணையம் ஈடுசெய்கிறது. ஆணையம் அதை லாங் தீவு முழுவதுமுள்ள மின் நுகர்வோரின் கட்டணத்தில் சேர்க்கிறது. ஆக, ஒரு பள்ளி மாவட்டத்தின் (பள்ளிகளை நடத்தச் சொத்து வரியில் பங்கு பெறும் தனி உள்ளாட்சி அமைப்பு அது) செழிப்புக்கு நாற்பது கல் தொலைவிலுள்ள ஒருவர் மின் கட்டணத்தின் வழியாகப் பணம் கட்டிக்கொண்டிருந்தார். கட்டணம் ஒழுங்குபடுத்தப்பட்ட சூழலில் வரியைச் செலுத்துபவர் பெரும்பாலும் நிறுவனம் அல்ல. சந்தையில் போட்டியிட்டு மின்சாரம் விற்கும் நிலையமானால் வரி உரிமையாளரின் லாபத்தில் வெட்டும். அவர் கடைசிவரை சண்டையிடுவார். உங்கள் எரிவாயு நிலையம் இவ்விரண்டில் எது என்பதைத் தெரிந்துகொண்டு பிறகு வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

பழைய நிதியலுவலர் எழுதியது:

மேலே சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடே. ஆனால் நிதியைக் கையாண்டவன் என்ற முறையில், மதிப்பை விட முடிவைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். நான் பணியாற்றிய உள்ளாட்சியில் ஓர் அனல் மின் நிலையம் இருந்தது. அது மூடப்படுவதாக எங்களுக்கு வந்த கடிதம் ஒரே பக்கம். அந்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் நிறைவேறி ஆறு வாரம் ஆகியிருந்தது. நிலையத்தின் பணத்தை நம்பி நாங்கள் வீட்டு வரியைப் பல ஆண்டுகளாக உயர்த்தாமலேயே வைத்திருந்தோம் என்பதும், அதை அந்நாளில் எல்லோரும் பெருமையாகப் பேசினோம் என்பதும் இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஒரே ஆண்டில் உயர்த்த வேண்டியதாகிவிட்டபோது மக்கள் எங்களைத் திட்டியதில் தவறே இல்லை.

உலகில் இதற்கு எடுத்துக்காட்டுகள் ஏராளம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலுள்ள விஸ்காசெட் என்ற சிற்றூரில் 1972இல் இயங்கத் தொடங்கிய மெய்ன் யாங்கி அணு மின் நிலையம், ஊரின் சொத்து வரியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தானே கட்டிவந்தது. 1997இல் அதை மூடிவிட முடிவெடுத்தார்கள். 2005க்குள் கட்டடங்களும் இடிக்கப்பட்டுவிட்டன. எஞ்சியது, பயன்படுத்திய எரிபொருளை அடைத்த 60 காங்கிரீட் உருளைகளும் அவற்றைக் காக்கும் காவலர்களும். இல்லினாய் மாநிலத்தின் சயோன் நகரிலும் 1998இல் இதே கதை. அங்கே வரி அடித்தளத்தில் ஏறத்தாழ பாதி போனது, மீதமுள்ள வீடுகளின்மேல் வரி விகிதம் ஏறியது, ஏறிய விகிதத்தைப் பார்த்துப் புதிய தொழில்கள் வரத் தயங்கின. ஏரிக்கரையில் எரிபொருள் உருளைகள் இருப்பதால் அந்த இடத்தை வேறெதற்கும் முழுமையாகப் பயன்படுத்தவும் முடியவில்லை.

இவற்றோடு ஒப்பிட்டால் நியூயார்க்கின் இந்தியன் பாயிண்ட் அணு மின் நிலையத்தைச் சுற்றியிருந்தவர்களுக்குக் காலம் கிடைத்தது. 2017 ஜனவரியில் மூடல் அறிவிப்பு வந்தது. இரண்டாம் அலகு 2020 ஏப்ரல் 30 அன்றும், மூன்றாம் அலகு சரியாக ஓராண்டு கழித்து 2021 ஏப்ரல் 30 அன்றும் நின்றன. அந்நிலையம் வரியாக அல்லாமல், வரிக்கு ஈடான ஈட்டுத் தொகையாகத்தான் செலுத்திவந்தது. அங்குள்ள பள்ளி மாவட்டத்தின் வரவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. நிலையம் மூடப்படும் உள்ளாட்சிகளுக்காக அந்த மாநிலம் ஓர் உதவி நிதி வைத்திருக்கிறது. இழப்பில் ஒரு பகுதியை ஆண்டுக்கு ஆண்டு குறைத்துக்கொண்டே தருவார்கள். உங்கள் மாநில அல்லது தேசிய அரசிடம் அத்தகைய ஏற்பாடு உண்டா என்பதை இப்போதே கேட்டு வையுங்கள். மூடிய பிறகு கேட்டால் பதில் வர இரண்டு ஆண்டுகள் ஆகும்.

எல்லாவற்றிலும் கசப்பானது பிரான்சின் ஃபெஸ்ஸன்ஹைம். 2010இல் அந்நாடு பழைய தொழில் வரியை ஒழித்தபோது, புதிய ஏற்பாட்டால் ஆதாயம் பெற்ற ஊராட்சிகள் வருவாயைச் சமப்படுத்தும் ஒரு பொது நிதிக்கு ஆண்டுதோறும் நிலையான தொகை செலுத்த வேண்டும் என்று விதித்தார்கள். அணு நிலையம் இருந்ததால் ஃபெஸ்ஸன்ஹைமுக்கு ஆண்டுக்கு 20 லட்சம் யூரோவுக்கும் மேல் பங்கு விழுந்தது. 2020இல் நிலையம் மூடப்பட்டது. வரி வருவாய் போனது. ஆனால் அந்த நிலையான தொகையை விதி அப்படியே கேட்டுக்கொண்டிருந்தது. சட்டத்தைத் திருத்திச் சலுகை வாங்க அவர்கள் பாரிஸ்வரை போராட வேண்டியிருந்தது.

ஆகவே உங்கள் கால் பங்கு வருவாயைச் சம்பளத்துக்கு ஒதுக்காதீர்கள். அந்த வருவாயில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் தனிக் கையிருப்பாக ஒதுக்கி, கட்டடம், குழாய் போன்ற ஒரு முறைச் செலவுகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துவது என்று மன்றத் தீர்மானமே போட்டுவிடுங்கள். தீர்மானம் போடாத கையிருப்பு, தேர்தல் ஆண்டில் கரைந்துவிடும். இதையும் அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

வரவேடு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. எரிவாயு நிலையத்தில் படிப்படியான குறைப்புக்கு உடன்பட்டுச் சமரசம் பேசுவதே மேல் என்று குழுவில் சொல்லப் போகிறேன். கையிருப்புத் தீர்மானத்தையும் முன்மொழிவேன்.

சூரிய நிலையத்தைப் பற்றி இன்னும் தெளிவு பெற வேண்டும். மெகாவாட் கணக்கில் தொகை நிர்ணயிப்பது அந்த நிறுவனத்தின் கண்டுபிடிப்பா, அல்லது சட்டங்களிலேயே உள்ள முறையா? அவர்களுடைய அட்டவணையில் வரியின் 25 ஆண்டுக் கூட்டும் ஒப்பந்தத் தொகையின் 25 ஆண்டுக் கூட்டும் உண்மையிலேயே ஒத்துப்போகின்றன. நானே கூட்டிப் பார்த்தேன். அப்படியானால் எங்களுக்கு நட்டம் எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கொதிகலன் கணக்கர் எழுதியது:

நான் மறுபக்கத்து ஆள். மின்னுற்பத்தி நிறுவனங்களின் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இத்தகைய அட்டவணைகளை நானே தயாரித்திருக்கிறேன் என்பதால் அவற்றை எப்படிப் படிப்பது என்றும் சொல்ல முடியும்.

முறை கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மின் நிறுவனங்கள் உள்ளூர் சொத்து வரியே கட்டுவதில்லை. மாநிலத்துக்கு மொத்த வருவாயின் அடிப்படையில் உரிமக் கட்டணம் செலுத்துகின்றன. மாநிலம் தன் பங்குக்கு, புதிய நிலையங்கள் அமைந்த உள்ளாட்சிகளுக்கும் மாவட்டத்துக்கும் சேர்த்து மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் வீதம் பகிர்ந்தளிக்கிறது. ஒஹாயோவில் சூரிய நிலையத்துக்கு மெகாவாட்டுக்கு 7,000 டாலர் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பிரான்சில் அணு, அனல் நிலையங்களுக்கு மெகாவாட்டுக்குச் சுமார் 3,000 யூரோ என்று 2010இல் தொடங்கினார்கள். மின்னசோட்டா வேறு வழியில் போனது: பெரிய காற்றாலைகளும் சூரிய நிலையங்களும் உற்பத்தி செய்யும் மின்சாரத்தில் ஒவ்வொரு மெகாவாட் மணி நேரத்துக்கும் 1.20 டாலர், அதில் 80 விழுக்காடு மாவட்டத்துக்கு, 20 விழுக்காடு ஊருக்கு. டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் கூட்டாட்சி அமைப்பு என்பதால் அதன்மேல் மாநிலங்கள் வரி போட முடியாது; அதற்கு ஈடாகத் தன் மின் விற்பனை வருவாயில் 5 விழுக்காட்டை மாநிலங்களுக்கும் மாவட்டங்களுக்கும் கொடுக்கிறது.

இவற்றுள் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது, எந்த ஏற்ற இறக்கத்தை நீங்கள் சுமக்கத் தயார் என்பதைப் பொறுத்தது. மதிப்பின்மீது வரி போட்டால் சந்தையின் ஏற்ற இறக்கமும் வழக்குச் செலவும் உங்கள் தலையில். உற்பத்தியின்மீது போட்டால் காற்று வீசாத ஆண்டும், இயந்திரம் பழுதாகி நின்ற ஆண்டும், மின் கட்டமைப்பில் இடமில்லாமல் உற்பத்தியைக் குறைக்கச் சொன்ன ஆண்டும் உங்கள் தலையில். ஆனால் மின்மானி பொய் சொல்லாது, சண்டைக்கு இடமில்லை. நிறுவுதிறனின்மீது, அதாவது நிலையத்தின் மெகாவாட் அளவின்மீது, போட்டால் இயங்கினாலும் இயங்காவிட்டாலும் பணம் வரும். விலைவாசி மட்டும் உங்களைத் தின்னும்.

இனி உங்கள் கூட்டல். வரியின் முதல் ஆண்டுத் தொகையை 100 என்று வைத்துக்கொள்வோம். தேய்மானத்தால் அது ஆண்டுக்கு 4 என்ற அளவில் குறைந்து, 20க்குக் கீழே போகாமல் நிற்கட்டும். 25 ஆண்டுக்கு அதன் கூட்டு 1,340. ஒப்பந்தத் தொகை 42இல் தொடங்கி ஆண்டுக்கு 2 விழுக்காடு உயர்ந்தால் அதன் கூட்டும் ஏறத்தாழ 1,345. பார்த்தால் உங்களுக்கு 5 கூடுதல். ஆனால் முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வரிதான் அதிகம். பதின்மூன்றாம் ஆண்டில்தான் ஒப்பந்தத் தொகை முந்துகிறது. முன்னால் வரும் பணத்துக்கு மதிப்பு அதிகம் அல்லவா? ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி வைத்து இரண்டையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், வரியின் மதிப்பு சுமார் 885, ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 722. அதாவது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள். இன்றைய மதிப்பில் சமமாக வேண்டுமானால் தொடக்கத் தொகை 42 அல்ல, 51 அல்லது 52 ஆக இருக்க வேண்டும். 'கூட்டுத்தொகை ஒன்றுதான்' என்ற வாக்கியத்தை நானும் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். வட்டி விகிதம் என்ன என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை.

அதற்காக 52 கேட்டு அடம் பிடியுங்கள் என்று சொல்லவில்லை. வழக்கில்லாத, ஏறுமுகமான, முன்கூட்டியே தெரிந்த வருவாய்க்கு ஒரு விலை உண்டு. நிறுவனத்துக்கும் இந்த உறுதி தேவை. கடன் கொடுக்கும் வங்கி 25 ஆண்டுச் செலவையும் காகிதத்தில் பார்க்காமல் கையெழுத்திடாது. அவர்களுக்கும் இது ஆதாயம் என்பதை மறக்காமல் பேரம் பேசுங்கள். 42க்கும் 52க்கும் நடுவே எங்கோ ஒரு நியாயமான எண் இருக்கிறது.

இன்னொன்று: 'மெகாவாட்' என்ற சொல்லை விளக்கச் சொல்லுங்கள். சூரியப் பலகைகளின் நேர்மின் திறனைக் கூட்டினால் ஓர் எண் வரும்; இன்வெர்ட்டர் வழியாக மாறுமின்சாரமாகிக் கட்டமைப்புக்குள் போகும் திறன் அதைவிடக் குறைவு. 130 மெகாவாட் பலகை பொருத்திய நிலையம் வெளியே 100 மெகாவாட் மட்டுமே அனுப்புவது சாதாரணம். ஒப்பந்தத்தில் ஒரு சொல் விட்டுப்போனால் முப்பது மெகாவாட்டுக்கான பணம் போய்விடும்.

நிலக்கணக்கு எழுதியது:

கொதிகலன் கணக்கரின் கணக்கை வழிமொழிகிறேன். அதோடு, நியூயார்க் சட்டத்தில் ஒரு காலக்கெடு உண்டு: சூரிய, காற்றாலை நிலையங்களுக்கு அங்கே 15 ஆண்டு வரி விலக்கு இருக்கிறது, நிறுவனம் தன் திட்டத்தை அறிவித்த 60 நாட்களுக்குள் உள்ளாட்சி எழுத்து மூலம் ஒப்பந்தம் கேட்காவிட்டால், ஈட்டுத் தொகை எதுவும் கொடுக்காமலேயே நிறுவனத்துக்கு அந்த விலக்கு கிடைத்துவிடும். அறிவிப்புக் கடிதம் மேசையில் கிடந்ததால் பணம் இழக்க நேரும் என்பது இதன் பொருள். உங்கள் சட்டத்திலும் இப்படி ஏதேனும் இருக்கிறதா என்று முதல் வேலையாகப் பாருங்கள்.

பள்ளிகளுக்கு அரசு உதவி எந்தச் சூத்திரத்தில் வருகிறது என்பதையும் கேளுங்கள். உள்ளூர்ச் சொத்து மதிப்பு ஏறினால் அரசு உதவி இறங்கும் முறை உள்ள இடங்களில், நிலையத்தின் முழு வரியையும் வாங்கிவிட்டு அதில் பெரும்பகுதியை உதவிக் குறைப்பாக இழக்க நேரிடும். ஈட்டுத் தொகை சொத்து மதிப்பில் சேராதிருந்தால், எண் சிறிதானாலும் கையில் நிற்பது அதிகமாகலாம். டெக்சாஸில் 2022 இறுதியில் காலாவதியான, வரிச் சட்டத்தின் 313ஆம் அத்தியாயம் இதைத்தான் தலைகீழாகக் காட்டியது: பள்ளி மாவட்டம் பத்தாண்டுகளுக்கு மதிப்புக் குறைப்புச் சலுகை கொடுக்கும், இழந்த வரியை மாநிலம் சூத்திரத்தின் வழியாக நிரப்பும், நிறுவனம் பள்ளிக்குத் தனியாக ஒரு தொகையும் கொடுக்கும். சலுகை கொடுத்தவருக்கு நட்டமில்லை. நட்டம் மாநிலக் கருவூலத்துக்கு. அப்படிப்பட்ட இடத்தில் பள்ளி மாவட்டம் ஏன் 'வேண்டாம்' என்று சொல்லப்போகிறது?

கடைசியாக, வரி பாக்கி விழுந்தால் சொத்தின்மேல் முன்னுரிமைப் பற்று (மற்றக் கடன்களுக்கு முன் வசூலிக்கும் உரிமை) தானாகவே வரும்; ஒப்பந்தத் தொகை பாக்கி விழுந்தால் பல இடங்களில் நீங்கள் கடன் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பலருள் ஒருவர் மட்டுமே. நிறுவனம் திவாலானால் இந்த வேறுபாடு பெரிது. செலுத்தத் தவறினால் வரி விலக்கு ரத்தாகி முழு வரியும் விதிக்கப்படும் என்றும், உரிமையாளர் மாறினால் புதியவரையும் ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் என்றும், பின்னாளில் மின்கலத் தொகுதி சேர்த்தால் அதற்குத் தனித் தொகை என்றும் எழுதி வாங்குங்கள். நிலையத்தைக் கலைத்து நிலத்தைச் சீராக்கும் செலவுக்கான பிணைத்தொகையை இந்த ஒப்பந்தத்தோடு கலக்காமல் தனியாக வையுங்கள். ஒன்றில் தகராறு வந்தால் மற்றொன்றும் முடங்கக்கூடாது.

வரவேடு எழுதியது:

நேற்று இரவு வரைவை மறுபடி எடுத்துப் படித்தேன். 'நிறுவுதிறன்' என்ற சொல் பதினோரு இடங்களில் வருகிறது. வரையறைப் பகுதியில் அது இல்லை. உரிமை மாற்றத்தைப் பற்றி ஒரு வரி இருக்கிறது, ஆனால் அது நிறுவனத்தின் சம்மதத்தோடு மட்டுமே என்று முடிகிறது. திட்ட அறிவிப்புக் கடிதம் எங்கள் அலுவலகத்தில் பதிவான தேதியைப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு நாள் ஆகியிருக்கிறது. எங்கள் சட்டத்தில் கெடு எத்தனை நாள் என்று காலையில் வழக்கறிஞரைக் கேட்டிருக்கிறேன். அவர் பதில் வரும்வரை காத்திராமல், ஒப்பந்தம் கோருவதாக ஒரு கடிதத்தை இன்றே ஒப்புகைச் சீட்டோடு அனுப்பிவிட்டோம். தொகை எவ்வளவு என்ற இடத்தை மட்டும் பின்னர் பேசித் தீர்மானிப்பதாக எழுதியிருக்கிறோம்.